குப்பை மலைய கரைக்கிறது சரி, இன்னைக்கு போற ஈரக்குப்பைக்கு என்ன பதில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருங்குடி குப்பைக் கிடங்குல பயோமைனிங் (பழைய குப்பைய தோண்டிப் பிரிச்சு எடுக்குற வேலை) இத்தனை சதவீதம் முடிஞ்சுது, இத்தனை ஏக்கர் மீட்டாச்சு, அங்க பூங்கா வரப்போகுதுன்னு உங்க பேப்பர் உட்பட எல்லாத்துலயும் அடிக்கடி வருது. படிக்க சந்தோஷமாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த செய்தியில எப்பவும் ஒரு பாதிதான் இருக்கு. மீட்ட ஏக்கர் கணக்கு வருது, அதே நாள்ல கிடங்குக்குள்ள போன லாரி கணக்கு வர்றதே இல்ல. அந்த இன்னொரு பாதிய பத்தித்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், இடம் இல்லேன்னா வெட்டிக்கோங்க.

சென்னையில ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல குப்பை சேருது. வடக்குப் பக்கத்து மண்டலங்களோடது கொடுங்கையூருக்கு, தெற்குப் பக்கத்தோடது பெருங்குடிக்கு, பல வருஷமா இதான் ஏற்பாடு. கொடுங்கையூர் கிடங்கு சுமார் 340 ஏக்கர், பெருங்குடி சுமார் 225 ஏக்கர். இதுல பெருங்குடி இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ள. அதே சதுப்பு நிலத்துக்குத்தான் 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற ராம்சார் அந்தஸ்து கிடைச்சுது, ஒரு பக்கம் பூநாரை இறங்குது இன்னொரு பக்கம் குப்பை லாரி இறங்குது, ரேடியல் ரோட்டுல போறவங்க ரெண்டையும் ஒரே நேரத்துல பாத்திருப்பீங்க.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்லதான். உலக வங்கி 2018ல போட்ட அறிக்கைப்படி 2016ல உலகம் முழுக்க நகரங்கள்ல சேர்ந்த குப்பை 201 கோடி டன், இப்படியே போனா 2050ல 340 கோடி டன் ஆகும். அதுல மூணுல ஒரு பங்காவது ஒழுங்கா எந்த ஏற்பாடும் இல்லாம கொட்டப்படுது இல்ல எரிக்கப்படுது. இந்த மாதிரி பெரிய நம்பர் எல்லாம் படிச்ச உடனே மறந்துடும், எனக்கும்தான். ஆனா அதே அறிக்கையில இன்னொரு விஷயம் இருக்கு, உலகக் குப்பையில 44 சதவீதம் சாப்பாடும் இலை தழையும். நம்மள மாதிரி நாடுகள்ல அது பாதிக்கு மேல. பிளாஸ்டிக் பிளாஸ்டிக்னு நாம கத்துறோமே, கத்த வேண்டியதுதான், ஆனா கிடங்குல போய் விழுற எடையில பெரும்பங்கு நம்ம சமையல்கட்டுல இருந்து போறது. காய்கறித் தோல், சாப்பாட்டு மிச்சம், பந்தி எச்சில் இலை, இளநீர் கூடு.

இது மண்ணுல சும்மா கிடந்தா மக்கிடும், ஒரு தொந்தரவும் இல்ல. 40 அடி குப்பைக்கு அடியில போய் மாட்டும்போதுதான் வம்பு. அங்க காத்து போகாது, காத்து இல்லாம அழுகும்போது மீத்தேன் வருது, கிடங்குல இருந்து வர்ற வாயுவுல கிட்டத்தட்ட பாதி மீத்தேன்தான். 20 வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைட விட 80 மடங்கு பூமிய சூடாக்கும். அது வானத்துக்குப் போற கதை. கீழ போறது வேற கதை, அழுகுற குப்பையில இருந்து வடியுற கருப்புத் தண்ணி, மழை பெஞ்சா அதோட சேர்ந்து இன்னும் அதிகமாகி நிலத்தடிக்கு இறங்குது. அடியில ஷீட் போட்டு குழாய் பதிச்சு கட்டின லேண்ட்ஃபில்லா இருந்தா அதப் பிடிச்சு சுத்தம் பண்ணலாம். நம்ம கிடங்குங்க எதுவும் அப்படி ஆரம்பிச்சது இல்ல, காலியா கிடந்த சதுப்புல கொட்ட ஆரம்பிச்சாங்க, அவ்ளோதான்.

இப்போ இந்த வாயுவும் தண்ணியும் சேர்ந்து ஒரு மேட்டுக்குள்ள இருந்தா என்ன ஆகும்னு உலகம் திரும்பத் திரும்ப பாத்தாச்சு. 2000 ஜூலை 10ந்தேதி பிலிப்பைன்ஸ்ல மணிலா பக்கத்துல பயாத்தாஸ் குப்பை மலை நாள்கணக்கா பெஞ்ச மழைக்கு அப்புறம் சரிஞ்சுது, 200 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் அந்த மலையில குப்பை பொறுக்கி அதோட அடிவாரத்துலயே குடிசை போட்டு இருந்தவங்க. 2005 பிப்ரவரி 21ல இந்தோனேசியாவுல பாண்டுங் பக்கத்துல லெயூவிகஜா, அங்க 140 பேருக்கு மேல, இப்போ அந்த நாட்டுல பிப்ரவரி 21தான் தேசிய குப்பை விழிப்புணர்வு தினம். 2017 மார்ச்ல எத்தியோப்பியா தலைநகர் அடிஸ் அபாபாவுல கோஷே, 110 பேருக்கு மேல. 2024 ஆகஸ்ட்ல உகாண்டாவுல கம்பாலா பக்கத்துல கிட்டேசி, 30 பேருக்கு மேல. நாடு வேற வேற, சம்பவம் ஒண்ணுதான். ஈரக்குப்பை, மழை, வாயு, மேடு, கீழ ஏழைங்க வீடு.

இதுல நமக்கு ரொம்ப கிட்டத்துல நடந்தது கொழும்புல மீத்தொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்னைக்கு. நாம இங்க பாயசம் வச்சு சாப்பிட்ட அதே நாள் மத்தியானம், அங்கயும் வீட்ல எல்லாரும் பண்டிகைக்கு கூடியிருந்த நேரம், பக்கத்து குப்பை மேடு சரிஞ்சு வீடுங்க மேல வந்து மூடிடுச்சு. 32 பேர் போயிட்டாங்க. அந்த ஜனங்க அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா கத்தினவங்க, மறியல் பண்ணவங்க, மேடு வெடிப்பு விடுதுன்னு சொன்னவங்க. அந்த மேடு அவ்வளவு பெருசானதே எப்படின்னா, அதுக்கு முன்னாடி கொழும்புல புளூமெண்டால் மேடு இருந்துச்சு, அத மூடினதும் குப்பை இங்க திரும்புச்சு. இங்க சரிஞ்சதும் வேற வேற ஊருக்கு அனுப்பப் பாத்தாங்க, ஒவ்வொரு ஊர்லயும் எதிர்ப்பு, கடைசியில புத்தளம் பக்கம் அருவக்காட்டுல ஒரு லேண்ட்ஃபில் கட்டினாங்க, கொழும்புக் குப்பை எங்களுக்கு எதுக்குன்னு புத்தளத்து ஜனங்க போராடினாங்க. அவங்க கேட்டது நியாயம்தானே? 32 உயிர் போன பிறகும் பேச்சு எங்க கொட்டுறதுங்கிறதுலயே சுத்திச்சு, என்ன கொட்டுறோம்ங்கிற கேள்விக்கு அவ்வளவு சீக்கிரம் யாரும் வரல.

இந்தியாவுலயும் நடந்துருக்கு, டெல்லி காஜிப்பூர்ல 2017 செப்டம்பர் 1ந்தேதி ஒரு பக்கம் சரிஞ்சு ரோட்டுல போன வண்டிங்கள கால்வாய்க்குள்ள தள்ளுச்சு, 2 பேர் இறந்தாங்க. 1984ல ஆரம்பிச்ச கிடங்கு அது, 2002லயே நிறைஞ்சிடுச்சுன்னு கணக்கு, அதுக்கு அப்புறமும் கொட்டிக்கிட்டே இருந்தாங்க.

சரியாத இடத்துல எரியுது. 2022 ஏப்ரல் கடைசியில பெருங்குடி பத்தி எரிஞ்சது ஞாபகம் இருக்கும், நாள்கணக்குல புகை, வேளச்சேரி மேடவாக்கம் பக்கமெல்லாம் ஜன்னல சாத்திக்கிட்டு உக்காந்தோம். 2023 மார்ச்ல கொச்சி பிரம்மபுரம், பத்து நாளுக்கு மேல அணையல, பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி அபராதம் போட்டுச்சு. 2024 ஏப்ரல்ல கோவை வெள்ளலூர். மும்பையில 1927ல இருந்து ஓடுற தேவ்னார் கிடங்கு 2016 ஜனவரியில எரிஞ்சப்போ அந்தப் புகை நாசா சாட்டிலைட் படத்துலயே தெரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் யாரோ பீடி போட்டாங்க, கம்பிய எரிச்சு செம்பு எடுக்குறவங்க வேலைன்னு ஒரு பேச்சு கிளம்பும். இருக்கலாம். பத்த வச்சது யாரா இருந்தாலும் அடியில வாயுவும் பிளாஸ்டிக்கும் இருக்கிறதாலதான் அது அணைய மாட்டேங்குது, மேல தண்ணி ஊத்தினா மேல மட்டும் அணையும், உள்ள கனன்னுக்கிட்டே இருக்கும், தோண்டித் தோண்டி மண்ணப் போட்டு மூடினாத்தான் அடங்கும்.

பணக்கார நாடெல்லாம் சாமர்த்தியமா சமாளிச்சுட்டாங்கன்னு நினைக்க வேண்டாம். நியூயார்க்ல ஃப்ரெஷ் கில்ஸ்னு ஒரு கிடங்கு, உலகத்துலயே பெருசுன்னு பேர் வாங்கினது, அதுவும் நம்ம பெருங்குடி மாதிரியே ஈரநிலத்துலதான், 1948ல கொஞ்ச வருஷத்துக்கு மட்டும்னு சொல்லி ஆரம்பிச்சாங்க, மூடினது 2001ல. தற்காலிகம்னு அதிகாரிங்க சொன்னா எந்த நாட்டுலயும் நம்பக்கூடாது போல. இப்போ அங்க பூங்கா கட்டுறாங்க, நியூயார்க் குப்பை ரயில் ஏறி லாரி ஏறி வேற மாநிலத்துக்குப் போகுது. பூங்கா படத்த மட்டும் காட்டுறவங்க அந்த ரயில காட்ட மாட்டாங்க.

பயோமைனிங் வேண்டாம்னு நான் சொல்லல. பழைய குப்பைய தோண்டி, சல்லடையில சலிச்சு, மண்ணு தனியா கல்லு தனியா பிளாஸ்டிக் துணி தனியா பிரிச்சு, எரியுற சாமான சிமெண்ட் ஃபேக்டரிக்கு அனுப்புறது நல்ல வேலைதான், கண்டிப்பா பண்ணணும். கொடுங்கையூர்ல மட்டும் வேலை ஆரம்பிச்சப்போ 60 லட்சம் டன்னுக்கு மேல பழைய குப்பை இருந்துச்சு, அதக் கரைக்க 600 கோடிக்கு மேல செலவாகுது. ஆனா அந்தப் பக்கம் சலிச்சுக்கிட்டு இருக்கும்போதே இந்தப் பக்கம் புதுக்குப்பை கலந்தடிச்சு வந்து விழுந்தா அது குழாய மூடாம தரையத் துடைக்கிற வேலைதானே. பெருங்குடி சுத்தமாயிடுச்சுன்னு வச்சுக்குவோம், தென்சென்னை குப்பை அடுத்த நாள் எங்க போகும்? இத நேரடியா கேட்டு ஒரு செய்தி இதுவரைக்கும் நான் படிக்கல.

இந்த இடத்துல ஒருத்தர் கண்டிப்பா சொல்வார், சிங்கப்பூர் மாதிரி எரிச்சிட்டா போச்சுன்னு. எங்க அப்பார்ட்மெண்ட் மீட்டிங்லயும் சொன்னாங்க, சிங்கப்பூர் போய்ட்டு வந்த மாமா ஒருத்தர் இருந்தா போதும், எல்லா பிரச்சினைக்கும் அங்க ஒரு பதில் கிடைச்சிடும். சிங்கப்பூர் எரிக்கிறது நிஜம்தான். எரிச்ச சாம்பல தினமும் பார்ஜ்ல ஏத்தி கடலுக்குள்ள செமாக்காவ்னு ஒரு இடத்துல கொட்டுறாங்க, 1999ல திறந்தது, அதுவே 2035 வாக்குல நிறைஞ்சிடும்னு அந்த அரசாங்கமே சொல்லிக்கிட்டு இருக்கு, இருக்கிற சின்ன தீவுல அதுக்கு அப்புறம் எங்க போறதுன்னு அவங்களுக்கே கவலை. அதுவும் அவங்க மாதிரி புகைய வடிகட்டி, தினமும் அளந்து, எரிக்கிறதுக்கு எவ்வளவு செலவுன்னு கணக்குப் போட்டாத்தான் தெரியும்.

நம்ம கொடுங்கையூர்ல எரிஉலை திட்டம் வந்தப்போ வடசென்னை ஜனங்க 2025ல மனிதச் சங்கிலி எல்லாம் போட்டு எதிர்த்தாங்க. ஏற்கனவே ஒரு பக்கம் மணலி ஆலைங்க, இன்னொரு பக்கம் எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்க, நடுவுல குப்பை மேடு, இதுக்கு மேல ஒரு புகைபோக்கியும் எங்களுக்கேவான்னு அவங்க கேக்குறதுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. அதத் தாண்டி ஒரு சாதாரண கணக்கும் இருக்கு. ஈரக்குப்பை எரியாது, அதுல இருக்கிற தண்ணிய காய வைக்கவே பாதி சூடு போயிடும். 2016 திடக்கழிவு விதியிலயே ஒரு கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாம இருக்கிற, மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையத்தான் எரிசக்திக்கு அனுப்பச் சொல்லியிருந்துச்சு. அப்போ எரிக்கவும் முதல்ல பிரிச்சே ஆகணும். பிரிச்சுட்டா அட்டை, பாட்டில், பால் கவர், இரும்பு எல்லாம் காயலான் கடைக்குப் போயிடும், ஈரம் உரத்துக்குப் போயிடும், மிச்சம் டயப்பர், நாப்கின், சிப்ஸ் பாக்கெட் மாதிரி கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு அவ்வளவு பெரிய உலை கட்டினா, அத நிரப்புறதுக்காகவே குப்பைய பிரிக்காம அனுப்பச் சொல்வாங்களோன்னு எனக்கு பயம்.

பிரிக்கிறது நடக்கிற காரியமான்னா, நடந்துருக்கு. தென்கொரியாவுல சியோல் ஊர்க் குப்பை எல்லாம் 1978ல இருந்து 1993 வரைக்கும் நான்ஜிதோங்கிற இடத்துல கொட்டி 90 மீட்டருக்கு மலையாக்கினாங்க, அப்புறம் மூடி 2002 உலகக் கோப்பை சமயத்துல பூங்காவாக்கினாங்க. நம்ம ஊர் அதிகாரிங்க அங்க டூர் போனா இது வரைக்கும் பாத்துட்டு போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க. விஷயம் அதுக்கு அப்புறம்தான். 2005ல சாப்பாட்டுக் குப்பைய லேண்ட்ஃபில்லுக்கு கொண்டுபோகவே கூடாதுன்னு தடை போட்டாங்க, 2013ல இருந்து எவ்வளவு சாப்பாட்டுக் குப்பை போடுறோமோ அவ்வளவு காசு கட்டணும்னு கொண்டு வந்தாங்க, அப்பார்ட்மெண்ட்ல கார்டு தட்டினா தொட்டி திறக்கும், எடை பாத்து பில் வரும். இப்போ அங்க சாப்பாட்டுக் குப்பையில 90 சதவீதத்துக்கு மேல தீவனமாவோ உரமாவோ எரிவாயுவாவோ மாறுது.

கொரியாவெல்லாம் தூரம்னா ஆலப்புழா பக்கம்தான். 2012ல அந்த ஊர் குப்பை போய்க்கிட்டிருந்த சர்வோதயபுரத்துல ஜனங்க லாரிய உள்ள விடாம மறிச்சுட்டாங்க. கொட்ட இடம் இல்லாம ஊரே நாறுச்சு. வேற வழி இல்லாம வீட்டுக்கு வீடு பைப் கம்போஸ்ட், பயோகேஸ், தெருவுல காத்து போற மாதிரி உரத்தொட்டின்னு ஆரம்பிச்சாங்க, அந்தச் சின்ன ஊர ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பே 2017ல எடுத்துக்காட்டா சொல்லுச்சு. பெரிய மெஷின் ஒண்ணும் கிடையாது. கொட்டுறதுக்கு மேடு இல்லேன்னு ஆனதுதான் அவங்களுக்கு நடந்த நல்லது.

இங்க நிலைமை என்ன? விதி இருக்கு. ஒரு நாளைக்கு சராசரியா 100 கிலோவுக்கு மேல குப்பை வர்ற இடம் எல்லாம் பெரிய அளவுல குப்பை உருவாக்குறவங்க லிஸ்ட்ல வருவாங்க, பெரிய குடியிருப்புங்க, ஹோட்டலுங்க ஈரக்குப்பைய முடிஞ்ச வரைக்கும் தங்களோட வளாகத்துலயே உரமாக்கணும்னு 2016 விதியிலயே சொல்லியாச்சு. ஒரு முகூர்த்த நாள்ல எத்தனை கல்யாண மண்டபம் எத்தனை பந்தி போடுது, அந்த இலை எல்லாம் எங்க போகுதுன்னு யாராவது போய் பாத்துருக்கோமா. கோயம்பேடு மார்க்கெட் மாதிரி இடத்துல கலக்காத காய்கறிக் குப்பை லாரி லாரியா கிடைக்கும், அத பிளாஸ்டிக்கோட கலந்து கிடங்குக்கு அனுப்புறதுக்கு எந்த சாக்கும் செல்லாது. வீடுங்கள விட்டுட்டு முதல்ல இவங்க கிட்ட ஆரம்பிச்சாலே தினசரி ஈரக்குப்பையில பெரிய ஒரு பங்கு குறையும்னு எனக்குத் தோணுது.

வீட்டு விஷயத்துல நம்ம ஜனங்க சொல்ற குறை ஒண்ணு நியாயமானது. பச்சை பக்கெட் நீல பக்கெட்னு வாங்கி வச்சு பிரிச்சுக் குடுத்தா தெருமுனையில ஒரே காம்பாக்டர்ல போட்டு நசுக்கிடுறாங்க, அப்புறம் எவன் பிரிப்பான்னு கேக்குறாங்க. இத ஒரு தடவை கண்ணால பாத்தவங்கள திருப்பி பிரிக்க வைக்கிறது ரொம்ப கஷ்டம். ஆனா அதுக்காக பேட்டரி வண்டி ஓட்டிட்டு வர்ற அம்மாவத் திட்டுறதுல அர்த்தம் இல்ல, அவங்க தனித்தனியா வாங்கினாலும் தனித்தனியா போய்ச் சேர லாரி வேணும், சேர்ற இடத்துல உரக்கூடம் ஓடணும். நாம கையில தொட அருவருப்புப்படுற டயப்பர அவங்கதான் சாம்பார் சாதத்துல இருந்து பிரிச்சு எடுக்குறாங்க. அவங்கள்ல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்துல வேலை பாத்தவங்கதான் வேலைய தனியாருக்குக் குடுக்காதீங்கன்னு 2025 ஆகஸ்ட்ல ரிப்பன் மாளிகை வாசல்ல ராத்திரி பகலா உக்காந்தாங்க, கடைசியில கைது பண்ணித்தான் அனுப்பினாங்க. பிரிக்கிற வேலைய யார் தலையில கட்டியிருக்கோமோ அவங்களுக்கே வேலை நிரந்தரம் இல்லேன்னா அப்புறம் எந்த திட்டத்த பத்தி பேசுறது.

இன்னொரு குறை, உரக்கூடம் வேணும் ஆனா எங்க தெருவுல வேண்டாம். நாறும், புழு வரும், பிளாட் விலை குறையும். சரியா பராமரிக்காத உரக்கூடம் நாறத்தான் செய்யும், பொய் சொல்ல விரும்பல. ஆனா அந்த நாத்தம் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் இத்தனை வருஷமா போய்க்கிட்டுதானே இருக்கு, அங்க இருக்கிறவங்களுக்கும் மூக்கு இருக்கு. அவங்கவங்க வார்டு ஈரக்குப்பை அவங்கவங்க வார்டுலயே மக்கணும்னு ஆனாத்தான் அந்தக் கூடத்த ஒழுங்கா நடத்தச் சொல்லி கவுன்சிலர் வீட்டு வாசல்ல போய் நிக்கிற ஆள் வருவான். தூரத்துல இருக்கிற மேட்டுக்காக யாரும் நிக்க மாட்டாங்க.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம், சோழவரம்னு ஏரி நீர்மட்டத்த பேப்பர்ல போடுறீங்க, எங்க வீட்ல பெரியவங்க முதல்ல அதத்தான் பாக்குறாங்க. அது பக்கத்துலயே ஒரு சின்ன கட்டம் போடுங்க. கொடுங்கையூருக்கு நேத்து எத்தனை டன் போச்சு, பெருங்குடிக்கு எத்தனை டன், அதுல பிரிக்காத கலப்புக் குப்பை எவ்வளவு, ஈரக்குப்பை தனியா உரத்துக்கு எவ்வளவு போச்சு, மண்டல வாரியா. கிடங்கு வாசல்ல லாரிய எடை மேடையில ஏத்தி நிறுத்திட்டுத்தான் உள்ள விடுறாங்க, அதனால நம்பர் எங்கயோ ஒரு ரிஜிஸ்டர்ல இருக்கு. குடுக்க மாட்டேன்னு சொன்னா ஆர்டிஐ போடுங்க, அதுக்கும் பதில் வரலேன்னா அந்தக் கட்டத்த காலியா விட்டு 'தகவல் தரப்படவில்லை'ன்னு தினமும் அச்சடிங்க.

இப்படிக்கு,
தென்சென்னை வாசகி ஒருவர்